சிறுநீரில் தெரியும் முதல் சேதம்

கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரை நீளும் விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில், உப்பளத்திலும் வயலிலும் கோடை முழுதும் உழைப்பவர்களின் சிறுநீரகத்துக்கு இரண்டு பக்கமிருந்து நெருக்கடி வரக்கூடும். வியர்வையால் உடலில் நீர் வற்றுவது ஒன்று. உடல்வலிக்காக மருத்துவர் சீட்டின்றி வாங்கி விழுங்கும் டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரை மற்றொன்று. நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறையும்போது, புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்கள் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை விரித்து ஓட்டத்தைக் காக்கின்றன. அவை உருவாவதைத் தடுத்தே வலி மாத்திரை வேலை செய்கிறது என்பதால், வலி தணியும்போது அந்தப் பாதுகாப்பும் நீங்கிவிடுகிறது.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழக உப்பளத் தொழிலாளர் 352 பேரிடம் நடத்திய ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள், காரணம் உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் இவ்வட்டாரத்தில் பரவியிருப்பதை 2020இல் பதிவுசெய்து, அதற்குத் தொண்டைமண்டலத்தின் பெயரையே சூட்டினர். இவ்வாறு முன்னரே நலிந்திருக்கும் சிறுநீரகத்தை மருந்து தாக்கினால் தாங்கும் இருப்பு குறைவு என்பதால், சேதத்தை எவ்வளவு முன்னதாக அறிய முடியும் என்ற கேள்வி இங்கு முதன்மை பெறுகிறது.

வழக்கமான சோதனை, தசையில் உண்டாகும் கழிவான கிரியேட்டினினை இரத்தத்தில் அளப்பதாகும். அது 48 மணி நேரத்தில் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் கூடினாலே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு எனக் கொள்ளலாம் என்று 2012இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது. ஆயினும் எஞ்சிய பகுதி கூடுதலாக வேலை செய்து குறையை ஈடுகட்டுவதால், திறனில் ஏறத்தாழப் பாதி இழக்கப்படும் வரை கிரியேட்டினின் இயல்பு அளவிலேயே காணப்படலாம். தசை குறைந்த மெலிந்த உடலினரிடம் இந்த ஏமாற்றம் இன்னும் மிகுதி.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் உள்ள சுமார் 10 லட்சம் வடிகட்டும் அலகுகளில், வடிந்த நீரிலிருந்து உடலுக்குத் தேவையானவற்றை மீட்டெடுக்கும் நுண்குழல்களின் செல்களையே ஜென்டமைசின், அமிகாசின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகளும் சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்தும் முதலில் தாக்குகின்றன. காயம்பட்ட அச்செல்கள் வெளிவிடும் புரதங்கள் நேராகச் சிறுநீரில் கலக்கின்றன. சேதத்தை உணர்த்தும் இத்தகைய அளவிடத்தக்க பொருள்களே உயிர்க்குறிப்பான்கள் எனப்படுகின்றன. நலமான சிறுநீரகத்தில் அநேகமாகத் தென்படாத கிம்-1 அவற்றுள் ஒன்று. என்கால் என்னும் மற்றொரு புரதம், இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் 2 மணி நேரத்திலேயே உயர்ந்ததையும், கிரியேட்டினின் உயர 1 முதல் 3 நாள் பிடித்ததையும் 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. புதிய மருந்துகளை விலங்குகளில் சோதிக்கும்போது பயன்படுத்த ஏழு சிறுநீர்க் குறிப்பான்களை 2008இல் ஏற்ற அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, தொடக்கநிலை மனிதச் சோதனைகளுக்கு ஆறு குறிப்பான்களின் தொகுப்பை 2018இல் ஏற்றது.

எனினும் சிறுநீர்த் தொற்றிலும் என்கால் உயர்கிறது; வலி மாத்திரை இரத்த ஓட்டத்தை மட்டும் குறைத்து, செல்களை இன்னும் காயப்படுத்தாத கட்டத்தில் கிரியேட்டினின் ஏறியும் குறிப்பான்கள் உயராமல் இருக்கலாம். ஆகவே இரண்டையும் இணைத்துப் படிக்கும்போதுதான், ஓட்டம் குறைந்ததா, செல் சிதைந்ததா என்பது தெளிவாகும்.

இச்சோதனைகள் சிற்றூர் ஆய்வகங்களுக்கு எளிதில் எட்டாத நிலையில், நுண்குழலைத் தாக்கும் மருந்தைத் தொடங்குமுன் கிரியேட்டினினை அளந்து வைத்து, இடையில் மீண்டும் அளந்து, பொது வரம்போடு ஒப்பிடுவதோடு நில்லாமல் நோயாளியின் சொந்தப் பழைய அளவோடும் ஒப்பிடுவது இன்றே இயலும். வெயிலில் உழைப்பவர் அதை மருத்துவரிடம் சொல்வதும், நீர் வற்றிய நாளில் வலி மாத்திரையைத் தவிர்ப்பதும் செலவில்லாத காப்பு. குறிப்பான் எவ்வளவு விரைவாக எச்சரித்தாலும், மருந்தை உடனே நிறுத்தவோ மாற்றவோ ஆள் இருந்தால்தான் அது பயன் தரும்.