ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

தில்லி மாநகராட்சிப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. ஆறாம் வகுப்புக்குக் குழந்தையை வேறு பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும். மாநகராட்சிப் பள்ளியில் படித்த குழந்தைகளுக்கு அருகிலுள்ள தில்லி அரசாங்கப் பள்ளியில் இடம் ஒதுக்கப்படுகிறது. அதை ஏற்பதா, வேறிடம் பார்ப்பதா என்னும் கேள்வி ஆண்டுதோறும் நம் குடும்பங்களில் எழுகிறது. சொந்த ஊரிலென்றால் சித்தப்பா படித்த பள்ளி, அத்தை படித்த பள்ளி என்று ஒன்று இருக்கும். இங்கே நம்மவர்கள் அடுத்த வீட்டார் சொல்வதையும், கட்டடத்தின் தோற்றத்தையும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தையும் கொண்டே முடிவு செய்துவிடுகின்றனர். பதினொரு வயதுக் குழந்தைக்கு யார் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறார் என்பதை அந்த விகிதம் தெரிவிப்பதில்லை.

விசாரிக்க வேண்டியது எது என்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலேயே காணலாம். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 35 மாணவர்களுக்கு ஓர் உபாத்தியாயராவது இருத்தல் வேண்டும். அறிவியலும் கணிதமும், சமூகவியல், மொழிகள் ஆகிய மூன்று துறைகளுக்கும் துறைக்கு ஒருவராவது வேண்டும். ஆண்டுக்கு 220 வேலை நாட்கள். இவற்றைத் தலைமையாசிரியரிடம் கூச்சமின்றிக் கேட்கலாம். பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும் என்பதும் அச்சட்டமே; அவர்களுள் ஒரு தாயாரைக் கண்டு பேசினால் இன்னும் நிச்சயமான விவரம் கிடைக்கும்.

தில்லி அரசாங்கப் பள்ளிகள் பலவற்றில் ஒரே கட்டடத்தில் காலையில் பெண்களும் பிற்பகலில் ஆண்களும் பயில்கின்றனர். அக்காளும் தம்பியும் ஒரே வாயிலில் நுழைவார்கள். ஆனால் சேர்ந்து போய்வர முடியாது. மார்கழி மாதத்தில் பையன் வீடு திரும்புகையில் இருட்டிவிடும்.

கேந்திரிய வித்யாலயத்தின் சௌகரியம், மாற்றலாகி எந்த ஊருக்குச் சென்றாலும் பாடத்திட்டம் மாறாமை. ஆயினும் அங்கே மாற்றலுக்குரிய மத்திய அரசாங்க ஊழியரின் குழந்தைகளுக்கே முதலிடம். ஆறாம் வகுப்பில் இடம் காலியிருந்தால்தான் உண்டு.

இனி, நாம் பெரிதும் கவலைகொள்ளும் விஷயத்துக்கு வருவோம். அரசாங்கப் பள்ளிகளில் மூன்றாம் மொழியாகக் கிடைப்பவை பெரும்பாலும் சமஸ்கிருதம், உருது, பஞ்சாபி ஆகியவையே. குடும்பம் ஊர் திரும்பினாலோ, 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி, தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். நடுவில் மூன்றாண்டுகள் தமிழ் எழுதாத பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் போய் உட்கார்ந்தால் என்ன பாடுபடும்! 1923இல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இவ்வகையில் நமக்குப் பெருந்துணை. அவை மந்திர் மார்க், லோதி எஸ்டேட், கரோல்பாக், லட்சுமிபாய் நகர், மோதிபாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகிய இடங்களில் உள்ளன.

ஆனால் யமுனைக்கு அக்கரையில் குடியிருப்போர் இரண்டு பஸ் மாறிக் குழந்தையை அங்கே அனுப்புவதை நாம் ஆதரிப்பதற்கில்லை. அன்னோர் அருகிலுள்ள பள்ளியில் நல்ல கணக்கு உபாத்தியாயர் இருந்தால் அங்கேயே சேர்த்துவிட்டு, தமிழை வீட்டில் நாள்தோறும் அரைமணி எழுதச் செய்யலாம். எந்தப் பள்ளியானாலும், சேர்க்குமுன் ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் வாயிலில் நின்று, பிள்ளைகள் எவ்வழியே வீடு திரும்புகிறார்கள் என்று பார்த்து வருவது நலம்.