வீட்டுப் பியரும் சட்டம் வகுத்த எல்லையும்

மது பற்றி இப்பக்கத்தில் எழுதப்படுவதை வாசகர்களுள் பலர் விரும்பமாட்டார்கள் என்பதை நாம் அறிவோம். மதுவை முற்றாக விலக்கிய மார்க்கத்தைப் பின்பற்றும் முஸ்லிம் மக்களும், கசிப்பினால் சீரழிந்த குடும்பங்களை அயலிலேயே கண்டுவரும் தமிழ் மக்களும் அவ்வாறு கருதுவதில் வியப்பேதும் இல்லை. ஆயினும், மேலை நாடுகளில் இலட்சக்கணக்கானோர் தமது வீட்டுச் சமையலறையிலேயே பியர் தயாரிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர் என்பதும், அந்நாட்டு அரசுகள் அதனைத் தடுக்காது விட்டுள்ளன என்பதும், அனுமதிப்பத்திரமின்றி எந்த மதுவைத் தயாரித்தாலும் எமது நாட்டில் அது குற்றமாகும் என்பதும் சேர்த்து நோக்கத்தக்க விடயங்களாகும்.

எமது பேச்சுவழக்கில் கசிப்பும் காய்ச்சப்படுகிறது, பியரும் காய்ச்சப்படுகிறது. ஒரே சொல் இரு வேறு தொழில்களைக் குறிப்பதால் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றிவிட்டது. உண்மை அதுவல்ல.

பியரின் மூலப்பொருள் பார்லி. அதனை நனைத்து முளைக்கவிட்டு, முளை வளருமுன் உலர்த்தி, உடைத்து, ஏறத்தாழ 65 முதல் 68 பாகை செல்சியஸ் வரையான சூடுள்ள நீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிடுவர். முளைத்த தானியத்தில் உள்ள நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக மாற்றுகின்றன. நீர் இதனிலும் அதிகம் சுட்டால் நொதியங்கள் அழிந்துபோகும். குறைந்தால் மாற்றம் மந்தமாகும். ஆகவே வெப்பமானி இல்லாமல் இத்தொழிலில் இறங்குவோர் இல்லை. வடித்தெடுத்த இனிப்பு நீரில் ஹொப்ஸ் எனப்படும் கொடியின் பூக்களை இட்டு மேலும் ஒரு மணித்தியாலம் கொதிக்கவைப்பர். பியரின் கசப்பு இப்பூவிலிருந்தே வருகிறது. வேண்டாத பக்ரீரியாக்கள் சிலவற்றை அடக்கிவைப்பதும் அதுவே. பின்னர் விரைவாகக் குளிரவைத்து, சுமார் 20 பாகையில் மதுவத்தைச் சேர்த்து மூடிவைத்தால், ஓரிரு வாரங்களில் சீனி எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறிவிடும். போத்தலில் அடைக்கும்போது அளந்து சிறிது சீனி இடுவது நுரை எழுவதற்காக. அளவு மிஞ்சினால் போத்தல் வெடித்துச் சிதறும். இவ்வளவுக்கும் மேலாக, இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோரின் நேரத்தில் பெரும்பகுதி பாத்திரம் கழுவுவதிலேயே கழிகிறது என்பது வேடிக்கையான உண்மை. கிருமி புகுந்த பியர் புளித்துப்போகும். முழுவதையும் கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

இங்கு தொழிற்படும் மதுவம் எமக்குப் புதியதன்று. பாண் பொங்குவது அதனால்தான். காற்றிலும் முட்டியிலும் உள்ள இயற்கை மதுவங்களே பனஞ்சாற்றைக் கள்ளாக்குகின்றன. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் அவை அடங்கிவிடும். அப்போது கிடைப்பது கருப்பநீர். கள்ளைத் தொடர்ந்து காற்றுப்பட வைத்தால் வேறொரு வகை பக்ரீரியா அதிலுள்ள எதனோலை அசற்றிக்கமிலமாக்கி, அதனை வினாகிரியாக மாற்றிவிடுகிறது. தென்னங்கள்ளிலிருந்து பெறப்படும் இவ்வினாகிரி திருமண வீட்டுச் சஹனோடு பரிமாறப்படும் அச்சாறிலும் சேர்கிறது. தானாகவே வினாகிரியாக மாறியது ஆகுமானது என்பது இஸ்லாமிய சட்ட அறிஞர்களின் பொதுவான நிலைப்பாடாகும். ஒரே சாறு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் தன்மையும் மாறுகிறது. சட்டமும் அதைப் பொறுத்தே மாறவேண்டும் என்ற சிந்தனைக்கு மார்க்க நூலறிவே ஒரு முன்மாதிரி.

நொதித்தலுக்கு இயற்கையே ஓர் எல்லை வைத்துள்ளது. எதனோல் மிகும்போது மதுவம் தானே செயலிழந்துவிடும். சாதாரண பியரில் எதனோலின் அளவு நூற்றுக்கு 4 முதல் 6 வரையே இருக்கும். தானியத்தை நொதிக்கவைப்பதால் உண்டாகும் மெதனோலும் மிகச் சொற்பமே. கசிப்பின் கதை வேறு. நொதித்த கோடாவை அடுப்பேற்றி, ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும்போது அந்த எல்லை உடைக்கப்படுகிறது. வலு பல மடங்காகிறது; எவ்வளவு என்பது காய்ச்சியவனுக்கே தெரியாது. எரியக்கூடிய ஆவி அடுப்பருகே பரவுகிறது. ஈயப் பற்றாசு வைத்த குழாய்களும் பழைய உலோகப் பாத்திரங்களும் நஞ்சைச் சேர்க்கின்றன. உலகெங்கும் கள்ளச்சாராயச் சாவுகள் பலவற்றுக்குக் காரணம், இலாபத்திற்காகக் கலக்கப்படும் தொழிற்சாலை மெதனோல்.

வீட்டுப் பியரை அனுமதித்த நாடுகள் இந்த வேறுபாட்டின் மீதே தமது சட்டத்தை அமைத்தன. பிரித்தானியாவில் 1880ஆம் ஆண்டு முதல் வீட்டில் பியர் தயாரிக்க அனுமதிப்பத்திரம் தேவைப்பட்டது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினோல்ட் மோட்லிங் அதனை நீக்கினார். ஐக்கிய அமெரிக்காவில் 1920இல் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு 1933இல் கைவிடப்பட்டபின், வீட்டில் வைன் தயாரிக்க இடமளிக்கப்பட்டது, பியருக்கு அளிக்கப்படவில்லை. கலிபோர்னியா செனற்றர் அலன் கிரான்ஸ்ரன் முன்வைத்த திருத்தத்தை உள்ளடக்கிய சட்டத்தில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1978 ஒக்டோபரில் ஒப்பமிட்ட பின்னரே அக்குறை நீங்கியது. வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டிற்கு ஆண்டுக்கு 100 கலன், அதாவது சுமார் 380 லீற்றர்; இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள வீட்டிற்கு 200 கலன். விற்கக்கூடாது. காய்ச்சி வடிப்பதற்கு அச்சட்டம் இடமளிக்கவில்லை. அதன் பின்னரும் மாநிலங்கள் தத்தம் விருப்பப்படியே நடந்தன. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இலேயே இணங்கின.

சட்டம் மாறுமுன்னரே கொலராடோவின் போல்டர் நகரில் இத்தொழிலைக் கற்பித்துவந்தவர் சார்ளி பப்பேசியன். அணுப் பொறியியல் பயின்ற இவர், 1978இல் அமெரிக்க வீட்டுப் பியர் தயாரிப்போர் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். வீட்டுப் பியர்காரர்களுக்குப் பொருட்கள் விற்கும் கடை நடத்திய கென் குரோஸ்மன் பின்னர் சியரா நெவாடா பியர்சாலையைத் தொடக்கினார். 1970களின் இறுதியில் அந்நாட்டில் நூறுக்கும் குறைவாக இருந்த பியர்சாலைகள் இன்று ஒன்பதாயிரத்தைக் கடந்துள்ளன. அனைத்துக்கும் இதுவே காரணமென்று கூறமாட்டோம். ஆயினும் சிறு பியர்சாலைகள் பலவற்றின் வேர் சமையலறையிலேயே இருந்தது. இவ்வளர்ச்சியை வெற்றி என்று கொண்டாடவும் நாம் ஆயத்தமில்லை. மதுவில் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை என உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023 ஜனவரியில் அறிவித்தது. அது வீட்டில் தயாரித்ததற்கும் பொருந்தும்.

எமது தீவிலும் பியரின் தொடக்கம் சிறிய அளவிலேயே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கரின் முயற்சியை அதன் தொடக்கமாகக் கூறுவர். ஆயினும் இன்றுவரை எம்மை ஆள்வது குடியேற்றவாத அரசு கொண்டுவந்த 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச்சட்டமாகும். அதன் பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. அன்று கள்ளுத் தவறணைகளைப் பெருக்கும் அரசின் கொள்கைக்கு எதிராக மதுவொழிப்பு இயக்கத்தினர் நாடெங்கும் கிளர்ந்தெழுந்தனர். அரசு வருமானத்தையே பெரிதாக மதித்தது.

வீட்டுப் பியரை இங்கு அனுமதிக்கவேண்டுமென நாம் கோரவில்லை, கேட்பாரும் இல்லை. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. அனுமதிப்பத்திரமின்றிக் கள் இறக்கும் ஏழைச் சீவல் தொழிலாளியும், பற்றைக்காட்டில் பீப்பாக்கணக்கில் கசிப்பு வடிப்பவனும் ஒரே கட்டளைச்சட்டத்தின்கீழ் ஒரே மன்றில் நிறுத்தப்படுகின்றனர். வரியால் போத்தல் விலை ஏறும்போதெல்லாம் கசிப்புக்கு வாடிக்கையாளர் கூடுகின்றனர், சுற்றிவளைப்புகளும் கூடுகின்றன. கைப்பற்றப்பட்ட கசிப்பு வழக்கின் சான்றுப்பொருளாகவே நோக்கப்படுகிறது. அதிலுள்ள மெதனோல், ஈயம் ஆகியவற்றின் அளவை உடனுக்குடன் பரிசோதித்து அப்பகுதி வைத்தியசாலைக்கு அறிவிக்கும் நடைமுறை ஒன்று வேண்டும். மெதனோல் நஞ்சேறியவருக்கு முதலில் மங்குவது கண்பார்வை. அவருக்குரிய மாற்றுமருந்து சில மணித்தியாலங்களுக்குள் கொடுக்கப்படவேண்டியதாகும்.