நீராவிக்கு நெறிகாட்டும் களி

நிலத்தடியில் கிடைக்கும் கச்சா எண்ணெய் யாவும் நீர்போல் ஓடுவதில்லை. சில வயல்களில் அது வெல்லப்பாகுபோல் கெட்டியாகி, பாறைத் துளைகளைப் பற்றிக்கொண்டு நகர மறுக்கும். இதனைக் கன எண்ணெய் என்பர். கலிஃபோர்னியாவின் கெர்ன் ஆற்று வயல் 1899ஆம் ஆண்டிலும், சுமத்ராத் தீவின் டூரி வயல் 1941ஆம் ஆண்டிலும் கண்டறியப்பட்டன. எனினும் பெரும்பயன் பின்னர் நீராவியாலேயே விளைந்தது. டூரியில் 1985ஆம் ஆண்டு தொடங்கிய நீராவிச் செலுத்தல் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாயிற்று.

நீராவி ஆற்றும் பணி யாது? ஒரு கிலோகிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகை செல்சியசு வரை சூடாக்க ஏறத்தாழ 420 கிலோஜூல் வெப்பம் போதும். அதனை ஆவியாக்கவோ மேலும் 2257 கிலோஜூல் வேண்டும். குளிர்ந்த பாறையிற் பட்டு மீண்டும் நீராகும்போது, நீராவி இவ்வுள்ளுறை வெப்பத்தை ஈந்துவிடுகிறது. எண்ணெய் இளகி, உற்பத்திக் கிணறுகளை நோக்கி நகர்கிறது.

இங்கேதான் இடர் எழுகிறது. இலேசான நீராவி பாறை அடுக்கின் மேற்புறம் ஏறிவிடும்; வெடிப்புகளைக் கண்டால் அவ்வழியே விரையும். ஒருமுறை வழி கண்டபின், தொடர்ந்து வருவதும் அவ்வழியையே நாடும். வரப்புடைந்த வயலில் நீர் ஒருபுறம் ஓடிப்போக, மறுபுறம் பயிர் வாடுவதை இதற்கு உவமையாகக் கூறலாம். எரித்த எரிபொருளும் தூய்மை செய்த நீரும் வீணாகின்றன. எண்ணெயோ நிலத்தடியிலேயே தங்கிவிடுகிறது.

உடைந்த வரப்பை அடைப்பதே ஜெல் முறை. நீர்த்த கரைசலைக் கிணற்றின் வழியே செலுத்தினால், அது பெரும்பாலும் அகன்ற வழிகளிலேயே புகும். அங்கேயே களியாகி அவற்றை அடைக்கும். பின்வரும் நீராவி, முன்னர்த் தீண்டாத பகுதிகளை நோக்கித் திரும்பும்.

ஆயின் பாலிஅக்ரிலமைடு கொண்டு ஆக்கும் வழக்கமான ஜெல்கள் நீராவியின் கடும்வெப்பத்திற் சிதைந்துவிடும். எனவே ரஷ்யாவின் தோம்ஸ்க் நகரப் பெட்ரோலிய வேதியியல் நிறுவன அறிஞர்கள், வெப்பத்தையே துணையாகக் கொள்ளும் கலவைகளை ஆக்கினர். அவை உசின்ஸ்க் வயலிற் பயன்பட்டன. ஒன்று அலுமினிய உப்பும் யூரியாவும் கலந்தது. வெப்பத்தால் யூரியா சிதைந்து அம்மோனியாவையும் கார்பன்-டை-ஆக்சைடையும் தரும். அம்மோனியா காரத்தன்மையை உயர்த்த, அலுமினியம் ஹைட்ராக்சைடு களியாகும். கார்பன்-டை-ஆக்சைடு எண்ணெயிற் கரைந்து அதனை இளக்க உதவும். மற்றொன்று மெத்தில் செல்லுலோஸ் கரைசல். நம் இல்லங்களிற் செய்யும் கடற்பாசி சூட்டில் இளகும், ஆறினால் உறையும். இதுவோ சூட்டில் உறையும், ஆறினால் இளகும்.

ஜெல்லும் மருந்து போன்றதே. அளவோ இடமோ தவறினால், எண்ணெய் வரும் வழியே அடைபட்டுவிடும். ஆதலின் நீராவி எவ்வடுக்கில் ஓடுகிறது என்பதைக் கிணற்றின் வெப்பநிலையை அளந்து முன்னரே துணிதல் வேண்டும்.

ஜெல் புதிதாக எண்ணெயைப் படைப்பதில்லை. செலவிட்ட வெப்பம் சேரவேண்டிய இடத்தைச் சேரச் செய்கிறது. ஆற்றலைப் பெருக்குவதற்கு முன் அது வீணாகாமற் காத்தல் வேண்டும் என்பதே மாணவர்கள் இதனின்று கொள்ளத்தக்க பாடம் என்போம்.