கடற்பாசிப் பயிரும் கமக்காரர் வயலும்

வீரமுனை, சம்மாந்துறைப் பகுதிகளின் வயல்களுக்குக் கல்லோயாவின் நீர் பாய்கின்றது. கிழக்கே காரைதீவு, கல்முனைக் கரையிற் கடல் அலை வீசுகின்றது. வயலுக்கும் கடலுக்கும் இடைத்தூரம் சிறிதேயாயினும், கடலில் விளையும் பயிரொன்று வயலுக்குத் துணையாகக் கூடும் என்பதைக் கமக்காரர் பலர் எண்ணியிருக்கமாட்டார்கள். அப்பயிர் கடற்பாசியாகும்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நெல், மரக்கறிச் செய்கையாளர் அடைந்த இடர் மறக்கக்கூடியதன்று. நவம்பரில் தடை நீங்கியது. ஆயினும் அப்பெரும்போகத்தின் விளைவு குன்றியது. கடற்பாசியாலான பசளை என்னும் பெயர் நாடெங்கும் கேட்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. அதனால் ஆவது யாது, ஆகாதது யாது என்பதைக் கமக்காரர் தெளிவாக அறிந்திருத்தல் நன்று.

பயிரின் வரலாறு

கப்பாபைகசு என்னும் செம்பாசியினம் பிலிப்பைன்சுத் தீவுகளுக்கு உரியது. 1960களில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்து அறிஞர் மாக்சுவெல் டோட்டி அங்கு இதனைப் பயிராக்கும் முறையை ஆராய்ந்தார். அவருக்குத் துணைநின்ற வின்சென்ரே அல்வாரெசு என்பவரின் பெயரே இதன் பயிரியற் பெயரிலும் அமைந்துள்ளது. இப்பாசியிலிருந்து எடுக்கப்படும் கராசீனன் என்னும் பசைப்பொருள் ஐஸ்கிறீம், பற்பசை முதலியவற்றிற் சேர்க்கப்படுகின்றது.

இந்தியாவின் பாவநகரிலுள்ள மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தார் 1980களில் இப்பாசியைச் சௌராட்டிரக் கரையிற் பழக்கினர். 1990களில் அது இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கரைக்கு வந்தது. இலங்கையில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களின் ஆழமற்ற கடலில் இது வளர்க்கப்படுகின்றது.

மிதவையில் விளைச்சல்

மூங்கிலாற் கட்டிய மிதவையொன்று பத்தடிக்குப் பத்தடி அளவுடையது. அதிற் கயிறுகள் இருபது கட்டப்படும். கயிறொன்றில் இருபது துண்டுகள், துண்டொன்று 150 கிராம் என்னும் அளவில், மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி வேண்டும். பாசியை மீன்கள் தின்னாதவாறு அடியில் வலை விரிக்கப்படும். 45 நாளில் அறுவடை செய்யலாம். நல்ல பருவத்தில் 60 கிலோ ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதில் 60 கிலோவை மறுவிதைக்கு நிறுத்தி, எஞ்சியதை வெயிலில் உலர்த்துவர். ஒருவர் 45 மிதவைகளைப் பராமரித்தால், சுற்று முறையில் நாளொன்றுக்கு ஒரு மிதவை அறுவடைக்கு வரும். நாற்றங்காலை வகுத்து நடும் கமக்காரருக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

ஆராய்ச்சி மட்டும் இதனைத் தொழிலாக்கவில்லை. இராமநாதபுரம் கரையின் மீனவப் பெண்கள் சுயவுதவிக் குழுக்களாகச் சேர்ந்தனர். வங்கிகள் கடன் கொடுத்தன. அரசு மானியம் வழங்கியது. நிறுவனங்கள் விளைவை வாங்க ஒப்புக்கொண்டன. விதை, கடன், சந்தை ஆகிய மூன்றும் ஒருங்கே வந்தமையாலேயே தொழில் வளர்ந்தது.

இடர்களும் உண்டு. கடல்நீர் மிகவும் சூடேறிய ஆண்டுகளிற் பாசி பெருமளவில் அழிந்தது. மன்னார் வளைகுடாவின் குருசடைத்தீவு அருகே இப்பாசி பவளப்பாறைகளின் மேற் படர்ந்தமை 2008இல் வெளியான ஆய்வொன்றிற் பதியப்பட்டது. அயற்பயிரைக் கொணர்வோர் அதன் எல்லையையும் காத்தல் வேண்டும் என்பதே இதன் பாடம். கல்முனைக் கரை திறந்த கடலை நோக்கியது; வாடைக்காற்றுக் காலத்து அலைக்கு மூங்கில் மிதவை நில்லாது. ஆகவே இப்பகுதிக் கமக்காரர் நாடத்தக்கது பாசிச் செய்கையன்று, பாசியின் சாறே.

வயலுக்கு வரும் பயன்

பறித்த பாசியைப் பச்சையாக அரைத்துப் பிழிந்தாற் சாறும் சக்கையும் வேறாகும். சக்கை கராசீனனுக்குச் செல்லும். சாற்றில் பொற்றாசியமும், நுண்ணூட்டங்களும், பயிரின் வளர்ச்சியைத் தூண்டும் ஒட்சின், சைற்றோகைனின் முதலிய பொருள்களும் உள.

இந்திய ஆய்வுகளில், நூற்றுக்கு இரண்டரைப் பங்கு சாறு கலந்த நீரைத் தெளித்தபோது வெண்டி விளைவு ஏறக்குறைய 20 வீதம் கூடியது. நூற்றுக்கு ஐந்து பங்கு தெளித்த தக்காளியில் ஏறக்குறைய 60 வீதம் கூடியது. நெல்லிலும் பயன் காணப்பட்டது. எனினும் ஆய்வு நிலத்தின் பலன் ஒவ்வொரு வயலிலும் அவ்வாறே கிடைக்கும் என்று எண்ணுதல் தவறு. அளவு மிஞ்சினாற் பலன் குறையும்.

முக்கியமானது ஒன்று உண்டு. இச்சாறு ஊக்கியேயன்றி முழுப்பசளையன்று. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் நைதரசனை இலையில் தெளிக்கும் சிறிதளவு சாறு ஈடுசெய்யாது. இதனை நம்பி அடிக்கட்டுப் பசளையையும் மேற்கட்டுப் பசளையையும் கைவிடுவோர் நட்டமடைவர்.

செய்து பார்க்கும் முறை

1. முதற் போகத்தில் வயல் முழுவதும் தெளிக்கலாகாது. ஒரே மண்ணும் ஒரே நீரும் உள்ள இரு சிறு பாத்திகளைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

2. இரண்டிற்கும் ஒரே விதை, ஒரே பசளை இடுக. ஒன்றிற்குச் சாறு கலந்த நீரும், மற்றதற்கு வெறும் நீரும் தெளிக்குக.

3. பச்சைச் சாறாயின், 16 லீற்றர் தெளிகருவிக்கு வெண்டிக்கு 400 மில்லிலீற்றரும், தக்காளிக்கு 800 மில்லிலீற்றரும் மேற்கூறிய அளவுகளாகும். கடையில் விற்கும் செறிந்த திரவத்திற்கு இவ்வளவு பொருந்தாது. சிட்டையில் உள்ளபடியே கலத்தல் வேண்டும்.

4. சாற்றைத் துணியில் வடித்து, காலையிலோ மாலையிலோ, மழையில்லாத நாளிலே தெளிக்குக.

5. இரு பாத்திகளின் விளைவையும் தனித்தனி நிறுத்து எழுதிவைக்குக. மிகுந்த விளைவின் விலை, திரவத்தின் விலையையும் கூலியையும் விஞ்சினால் மட்டுமே அடுத்த போகத்தில் விரிவாக்கலாம்.

கரையொதுங்கும் பாசியைப் பயன்படுத்த விரும்புவோர் அதனை அவ்வாறே பாத்தியில் இடலாகாது. நன்னீரில் நன்கு கழுவி உப்பை நீக்கி, வைக்கோலோடும் சாணத்தோடும் சேர்த்துக் கூட்டெருவாக்கி இடுதல் நன்று.

வாங்கும்போது விழிப்பு வேண்டும். 2021இல் சீனாவிலிருந்து வந்த கடற்பாசி சார்ந்த சேதனப் பசளையின் மாதிரிகளில் தீங்கு விளைக்கும் பற்றீரியா காணப்பட்டதாகத் தாவரத் தொற்றுக்காப்புச் சேவை அறிவித்தது. உற்பத்தியாளர் அதனை மறுத்தனர். சரக்கு இங்கு இறக்கப்படவில்லை. கடற்பாசி என்னும் பெயர் மட்டும் நற்சான்றாகாது. பெயரும் அளவும் காலாவதித் திகதியும் இல்லாத போத்தலை வாங்காது, ஐயமுள்ளபோது விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ நாடுதல் வேண்டும்.

கடலின் விளைவு வயலுக்குத் துணையாகலாம். அத்துணை எவ்வளவு என்பதைக் கமக்காரரின் தராசே சொல்லும்.