பேஸ் கிற்றார்: தந்தியும் காந்தமும் கையும்

மாளிகையொன்றின் முகப்பையும் மாடத்தையும் கண்டு வியப்போர் பலர். அவற்றைத் தாங்கி நிற்கும் அத்திவாரத்தை நினைப்போர் சிலர். இசையரங்கிலும் இந்நிலையே காணப்படுகின்றது. பாடுவோரின் குரலும் முன்னணிக் கருவிகளின் ஒலியும் செவியை முதலிற் கவர்கின்றன. அவற்றின் கீழே மந்தரத்தாயியில் ஒலித்து, ஒருபுறம் சுருதிக்கு நிலைக்களனாகவும் மறுபுறம் தாளத்துக்குத் துணையாகவும் அமைந்த ஒலியை, அது நின்றுபோன பின்னரே பெரும்பாலோர் உணர்வர். மேனாட்டு ஜனரஞ்சக இசையில் இப்பணியை இன்று பெரிதும் ஆற்றுவது பேஸ் கிற்றார் என்னும் மின்னிசைக் கருவியாகும்.

கேட்போர் பலர் கவனியாத இக்கருவியை வாசிப்போரோ, அதன் ஒவ்வோர் உறுப்பையும் நுணுகி ஆராய்வோராக உள்ளனர். இக்கருவியிற் பற்றுடைய இருவர் கூடுமிடத்து, எத்தந்தி சிறந்தது, ‘பிக்கப்’ எனப்படும் காந்த உறுப்பு எவ்விடத்தில் அமைதல் வேண்டும், எவ்வாண்டில் எத்தொழிலகத்தில் தோன்றிய கருவி மேலானது என்னும் வினாக்கள் எழுந்து நெடுநேரம் நீடிக்கும். புறத்தே நிற்போர்க்கு இது வீண்வாதமாகத் தோன்றலாம். ஆயின் இவ்வாதங்கள் பலவற்றின் அடியில் பௌதிகவியலின் உண்மைகள் உள. அவ்வுண்மைகள் எதுவரை துணைசெய்வன, எவ்விடத்தில் கைவிடுவன என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கருவியின் தோற்றம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மந்தர ஒலிக்கு வாய்த்த நரம்புக் கருவி ‘டபிள் பேஸ்’ ஆகும். வயலின் போன்ற உருவும் ஆளுயரத்தை விஞ்சிய வடிவும் உடைய அதனை நிறுத்தி வைத்தே வாசித்தல் வேண்டும். ஊர்தோறும் கொண்டு செல்வது அரிது. பித்தளை ஊதுகருவிகளும் முரசுகளும் மின்கிற்றாரும் முழங்கும் அரங்கில் அதன் ஒலி அமிழ்ந்துவிடும். மெட்டுக்கள் இல்லாமையால் சுருதி பிசகாது வாசிக்க நெடும்பயிற்சியும் வேண்டும்.

அமெரிக்காவின் சியாற்றில் நகரத்தவரான போல் டட்மார்க் என்பவர் 1930களில் மெட்டுக்கள் பொருத்தி, மார்பிற் சார்த்தி வாசிக்கத்தக்க மின் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார், அது பரவவில்லை. கலிபோர்ணியாவிற் புல்லர்டன் நகரில் வானொலி திருத்தும் தொழிலிலிருந்து கிற்றார் செய்யும் தொழிலுக்கு வந்த லியோ பெண்டர் 1951இல் வெளியிட்ட கருவியே உலகெங்கும் நிலைபெற்றது. மெட்டுக்களின் உதவியால் சுரத்தைத் துல்லியமாகப் பிடிக்கலாம் என்பதைக் குறித்து அதற்குப் ‘பிரிசிஷன் பேஸ்’ எனப் பெயரிட்டார். அதிரும் தந்தியின் நீளம் 34 அங்குலம் என அவர் வகுத்த அளவே இன்றும் பெரும்பாலான பேஸ் கிற்றார்களின் அளவாக உள்ளது.

தந்தியின் இயல்பு

இக்கருவியின் நான்கு தந்திகளுள் மிகத் தாழ்ந்தது செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறையும் மிக உயர்ந்தது 98 முறையும் அதிர்கின்றன. நீளம் நான்குக்கும் ஒன்றே. ஆகவே இழுவிசையாலோ திணிவாலோதான் இவ்வேறுபாட்டை உண்டாக்கல் வேண்டும். ஒரே பருமனுள்ள தந்திகளைப் பூட்டி, இழுவிசையை மட்டும் குறைத்துத் தாழ்ந்த சுரத்தைப் பெற முயலின், அத்தந்தியின் இழுவிசை உயர்ந்த தந்தியினதில் ஏறத்தாழ ஆறிலொரு பங்காகிவிடும். அத்துணைத் தளர்ந்த தந்தி விரலுக்கு அடங்காது. மெட்டுக்களில் மோதி இரையும். எனவே தாழ்ந்த தந்தி பருமனாதல் இன்றியமையாதது. வழக்கிலுள்ள தொகுதியொன்றில் மெல்லிய தந்தியின் விட்டம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 45 பங்கும், பருத்ததன் விட்டம் 105 பங்குமாகும்.

தடித்த கம்பியொன்றை அப்படியே பூட்டிவிடல் ஆகாதோ எனின், ஆகாது. தடித்த கம்பி விறைப்பு மிக்கது. விறைப்பு மிகுந்தவிடத்து மேற்றொனிகள் அடிப்படைச் சுரத்தின் இரட்டி, மும்மடங்கு என்னும் ஒழுங்கினின்று விலகி ஓசை இனிமை குன்றும். இதற்குக் கண்ட பரிகாரமே சுற்றுத்தந்தி. மெல்லிய உருக்குக் கம்பியை அகத்தே வைத்து, அதன்மேல் வேறொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றுவர். சுற்று திணிவைத் தரும். விறைப்பை மிகுதியாகத் தராது.

இச்சுற்று எவ்வகையினது என்பதிலிருந்தே தந்திவாதம் தொடங்குகின்றது. உருண்டைக் கம்பி சுற்றிய தந்தியில் மேற்றொனிகள் மிக்கு ஒலிக்கும். நாதம் நெடுநேரம் நீடிக்கும். விரல் நகரும்போது கீறல் ஓசை எழுவதும் மெட்டுக்கள் விரைவில் தேய்வதும் அதன் குறைகள். தட்டையான நாடாக்கம்பி சுற்றிய தந்தி வழுவழுப்பானது. அதில் மேற்றொனிகள் விரைந்து அடங்கி, அடிப்படைச் சுரமே திரண்டு ஒலிக்கும். தொடக்கக்காலத்துப் பேஸ் கிற்றார்களிற் பூட்டப்பட்டவை தட்டைச்சுற்றுத் தந்திகளே. 1966இல் இங்கிலாந்தின் றொட்டோசவுண்ட் நிறுவனம், ‘த ஹூ’ குழுவைச் சேர்ந்த யோன் என்ட்விசிலுடன் இணைந்து செப்பனிட்ட உருண்டைச்சுற்றுத் தந்தி, பியானோவை ஒத்த தெளிந்த முழக்கத்தை இக்கருவிக்கு அளித்தது. அதன்பின் பின்னணியில் அடங்கியிருந்த பேஸ் முன்னணிக் கருவிகளோடு ஒப்ப நிற்கத் தலைப்பட்டது.

புதிய தந்தியின் ஒளிர்ந்த ஓசை நாளடைவில் மங்குவதற்கும் காரணம் உண்டு. வியர்வையும் எண்ணெய்ப்பசையும் தோலின் துகளும் சுற்றுக்களின் இடையே புகுந்து மேற்றொனிகளை அடக்குகின்றன. சிலர் பழந்தந்திகளைக் கழற்றிக் கொதிநீரிலிட்டு அழுக்கு நீக்கி மீண்டும் பூட்டுவர். சின்னாட்களுக்கேனும் பழைய ஒளி திரும்பும். வேறு சிலரோ அம்மங்கிய ஓசையையே விரும்பித் தந்தி அறும்வரை மாற்றார். ஒருவர் குறையென்று கழுவுவதை மற்றவர் நிறையென்று பேணுகின்றார்.

காந்தமும் சுருளும்

தந்தியின் அசைவை மின்னாக மாற்றும் உறுப்பே பிக்கப். காந்தத்தைச் சூழப் பல்லாயிரம் சுற்றுக்களாக மெல்லிய செப்புக்கம்பி சுற்றப்பட்டிருக்கும். மேலே உள்ள உருக்குத் தந்தி அக்காந்தத்தினாற் காந்தமாகி அதிரும்போது சுருளினூடு செல்லும் காந்தப்பாயம் மாறுகின்றது. மாறவே சுருளில் மின் தோன்றுகின்றது. 1831இல் மைக்கல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டல் விதி இதுவேயாகும். நைலோன் நாடா சுற்றிய தந்தியும் இவ்வுறுப்போடு இயங்குவது அதன் அகத்தே உருக்குக் கம்பி இருத்தலினாலேயே.

ஒற்றைச் சுருள் தந்தியின் அசைவை மட்டும் ஏற்பதில்லை. அயலிலுள்ள மின்கம்பிகளிலிருந்தும் விளக்குகளிலிருந்தும் பரவும் மின்காந்த அலைகளையும் ஏற்று இரைகின்றது. இதனை நீக்கும் உபாயம் எளிதும் அழகியதுமாம். இரு சுருள்களை எதிரெதிர்த் திசையிற் சுற்றி, அவற்றின் காந்தமுனைகளையும் எதிராக வைப்பின், புறத்திருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிராகத் தோன்றி ஒழியும். தந்தியின் ஒலியோ இருமுறை எதிராகித் தன்னோடு கூடும். 1957இல் பிரிசிஷன் பேசின் பிக்கப் இரு கூறாகப் பிரிக்கப்பட்டு இம்முறையில் அமைக்கப்பட்டது. 1960இல் வெளிவந்த ‘ஜாஸ் பேஸ்’ கழுத்தின் அருகே ஒன்றும் குதிரையின் அருகே ஒன்றுமாக இரு பிக்கப்புகளைக் கொண்டது.

பிக்கப் நிற்கும் இடமே அதன் குரலைப் பெரிதும் நிருணயிக்கின்றது. தந்தி குதிரையில் ஊன்றி நிற்றலின் அதன் அண்மையில் அடிப்படைச் சுரத்தின் அசைவு சிறிது. ஆகவே அங்குள்ள பிக்கப் மேற்றொனிகளையே ஒப்பீட்டளவில் மிகுதியாக எடுத்து, இறுகிய கூரிய ஓசை தரும். கழுத்தை நோக்கிச் செல்லச் செல்ல அடிப்படைச் சுரம் பெருகி ஓசை தடித்து உருளும். ஒரு மேற்றொனியின் கணு பிக்கப்பின் மேலமையின், அம்மேற்றொனி அதற்கு ஏறக்குறையக் கேளாது. 1970களில் ஜாஸ் பேசின் பின் பிக்கப் குதிரையை நோக்கிச் சிறிது நகர்த்தப்பட்டது. அரை அங்குலத்துக்கும் குறைந்த அவ்விடவேறுபாட்டைப் பற்றி வாசிப்போர் இன்றும் வாதிடுவர். அவ்வாதம் பொருளற்றதன்று என்பதை மேற்கூறிய விதி காட்டும்.

மரத்தைப் பற்றிய வாதமோ இத்துணைத் தெளிவானதன்று. பிக்கப் மரத்தின் ஓசையை நேரே கேட்பதில்லை. தந்தியின் அசைவையே அறிகின்றது. ஆயினும் தந்தியின் வலுவை மரம் ஓரளவு உறிஞ்சுதல் உண்மையே. சில கருவிகளின் கழுத்தில் ஒரு குறித்த மெட்டிற் பிடித்த சுரம் மட்டும் விரைவில் அவிந்துபோகும். கழுத்தின் இயல்பான அதிர்வு அச்சுரத்தோடு ஒத்துப்போய் அதன் வலுவைக் கவர்தலே காரணமாகும். அத்தகைய இடத்தை வாசிப்போர் ‘செத்த இடம்’ என்பர்.

விருப்புக்குரிய கருவிகள்

இவ்வுறுப்புக்கள் வெவ்வேறு வகையாக இயைந்தமையால் கருவிகள் தத்தமக்கெனக் குரல் பெற்றன. பிரிசிஷன் ஒரே பிக்கப்பினால் உறுதியான நடுக்குரல் உடையது. ஜாஸ் பேஸ் ஒடுங்கிய கழுத்தும் பலவகை ஓசையும் உடையது. 1976இல் மியூசிக் மான் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்ரிங்றே’ மின்கலத்தால் இயங்கும் முன்பெருக்கியை அகத்தே கொண்டு ஓசையைக் கருவியிலேயே கூர்மையாக்கவும் தடிப்பாக்கவும் வழிசெய்தது.

ஜேர்மனியின் ஹொப்னர் நிறுவனம் செய்த வயலின் வடிவப் பேஸ் உள்ளீடற்ற உடலும் 30 அங்குலத் தந்தியும் உடையது. நீளம் குறைதலின் அதே தந்தி அதே சுரத்துக்கு ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இழுவிசையே கொள்ளும். விரலுக்கு மென்மையும் ஓசைக்குக் குழைவும் உண்டாகும். பீற்றில்ஸ் குழுவின் போல் மக்காட்னி 1961இல் ஹம்பேர்க் நகரில் இதனை வாங்கினார். இருபுறமும் ஒத்த வடிவினதாதலின் இடக்கையாளராகிய அவர் திருப்பிப் பிடித்தபோதும் அது விகாரமாகத் தோன்றவில்லை. அக்கருவி 1972இல் களவுபோயிற்று. அரைநூற்றாண்டு கழிந்து அது அவரிடம் மீண்ட செய்தி 2024இல் வெளியாயிற்று. விலையாற் சிறிய கருவியொன்று இத்துணைக் காலம் தேடப்பட்டமை, கருவிக்கும் அதனை ஏந்தியவர்க்கும் உள்ள உறவு எண்ணால் அளக்கப்படாதது என்பதை உணர்த்தும்.

ஒப்பீடு நிகழவேண்டிய இடம்

இவ்வொப்பீடுகளில் நேரும் பெரும்பிழை, கருவியைத் தனியறையில் தனித்து வாசித்துத் தீர்ப்புக் கூறுதலாகும். தனித்துக் கேட்கையில் ஒளிரும் மேற்றொனிகள், குழுவிற் கலந்தபோது கிற்றாரோடும் பியானோவோடும் மோதிக் கரைந்துபோகலாம். தனித்துக் கேட்கையில் மங்கலாகவும் மொத்தையாகவும் தோன்றிய ஓசை, குழுவினிடையே தனக்குரிய இடத்தில் அசையாது நிற்கலாம். மறுதலையும் உண்டு. சிறிய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி 41 அதிர்வுள்ள சுரத்தைத் தர வல்லதன்று. எனினும் செவி அச்சுரத்தை உணர்கின்றது. மேற்றொனிகளின் ஒழுங்கிலிருந்து இல்லாத அடிப்படைச் சுரத்தைச் செவியும் மூளையும் தாமே அமைத்துக்கொள்கின்றன. மேற்றொனிகள் அறவே அடங்கிய ஓசை அப்பெட்டியில் மறைந்தே போகும். ஆகவே ‘எத்தந்தி சிறந்தது’ என்னும் வினா, ‘எக்குழுவில், எவ்வரங்கில், எப்பணிக்கு’ என்னும் வினாக்களோடு சேர்ந்தே விடை பெறும்.

இதற்குச் சான்றாவார் ஜேம்ஸ் ஜேமர்சன். டிற்றோயிற் நகரின் மோற்றவுண் நிறுவனத்துப் பாடல்கள் எண்ணிலவற்றில் 1960களில் பேஸ் வாசித்தவர் அவரே. அவர் கருவி 1962இல் செய்யப்பட்ட பிரிசிஷன் ஒன்று; அதிற் பூட்டியவை பருத்த தட்டைச்சுற்றுத் தந்திகள்; அவற்றை அவர் அறும்வரை மாற்றுவதில்லை. தந்திகள் மெட்டுக்களினின்று மிக உயர்ந்து நின்றன. வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே அவர் மீட்டினார். இன்றைய ஒப்பீட்டாளர் பலர் அத்தகைய கருவியைக் கையிலெடுத்தவுடன் கீழே வைத்துவிடுவர். அக்கருவியிலிருந்தே, பாடலைத் தாங்கியும் பாடலோடு உரையாடியும் செல்லும் புதியதொரு வாசிப்பு முறை பிறந்தது.

இதற்கு நேர்மாறானவர் ஜேக்கோ பஸ்ரோறியஸ். அவர் தம் ஜாஸ் பேசின் மெட்டுக்களை நீக்கி, பலகையின்மேல் எப்பொக்சிப் பூச்சிட்டு, உருண்டைச்சுற்றுத் தந்தி பூட்டி, பின் பிக்கப்பின் பாடும் குரலை வெளிப்படுத்தினார். பெண்டர் 1951இல் துல்லியத்தின்பொருட்டுச் சேர்த்த மெட்டுக்களை அவர் களைந்தெறிந்தும் சுருதி பிசகவில்லை. அத்துல்லியம் அவர் விரலிலும் செவியிலும் இருந்தது. இவ்விருவருள் எவர் தெரிவு சரியானது என வினவுதல் வீண். ஒவ்வொருவரும் தாம் சொல்லவேண்டியதை அறிந்து, அதற்கேற்ற தந்தியையும் பிக்கப்பையும் தெரிந்தனர்.

ஜேமர்சன் வாசித்த பாடல்களை உலகெங்கும் மக்கள் கேட்டனர். அவர் பெயரை அறிந்திலர். மோற்றவுண் இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது 1971இலேயே. 1983இல் தமது 47ஆம் வயதில் அவர் இறந்தார். அதற்குச் சிறிது முன்னரே அவருடைய பேஸ் களவாடப்பட்டுவிட்டது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ‘றொக் அன்ட் றோல்’ புகழ்மண்டபத்தில் அவருக்கு இடமளிக்கப்பட்டது. அவருடையதை ஒத்த தந்திகளை அவர் பெயராலேயே இன்று வாங்கிப் பூட்டலாம். அவ்வாறு பூட்டுவோரும் பலர். தந்தி ஓசையின் எல்லையை வகுக்கும். காந்தம் அதனுட் சிலவற்றைத் தெரிந்தெடுக்கும். எச்சுரத்தை எப்போது ஒலிப்பது, எவ்விடத்தில் மௌனமாவது என்பதை அவையிரண்டும் அறியா. அதனை அறிவது, பிறர் பாடுவதைக் கூர்ந்து கேட்கும் செவியும் அதற்கு இயையும் கையுமே.