நடைபாதையில் விழுந்தால் யார் பொறுப்பு?

கடமை வேறு, பொறுப்பு வேறு. பேச்சில் இவ்விரண்டையும் ஒன்றாகவே வழங்கினாலும் சட்டம் அவ்வாறு கொள்வதில்லை. இதற்கு நியூயார்க் நகரத்து நடைபாதை நல்லதோர் எடுத்துக்காட்டு.

அந்நகரில் வீட்டுக்கோ கடைக்கோ முன்னுள்ள நடைபாதை பொதுவழி. ஆயினும், அதன் உடைந்த தளத்தைச் சீர்ப்படுத்துவதும், பெய்த பனியைக் குறித்த நேரத்துக்குள் அகற்றுவதும் அடுத்துள்ள நிலவுடைமையாளரின் கடமையாக நெடுங்காலமாக இருந்து வந்தன. அவர் தவறினால் நகராட்சி தானே செப்பனிட்டுச் செலவை அவரிடம் வாங்கலாம். ஆனால், அத்தளத்தில் இடறி ஒரு மூதாட்டி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால்? அவர் வழக்காட வேண்டியது நகராட்சியின் மீதே. உடைமையாளர் தாமே பள்ளத்தை உண்டாக்கியிருந்தாலோ, நடைபாதையைத் தம் தனிப்பயனுக்கு மாற்றியிருந்தாலோதான் பொறுப்பு அவரைச் சாரும்.

நகராட்சியிடம் இழப்பீடு பெறுவதும் எளிதன்று. பழுதைப் பற்றி முன்னரே எழுத்து மூலம் அறிவிக்கப்பட்டிருந்தாலன்றித் தான் பொறுப்பாகாது என்று 1979ஆம் ஆண்டில் அது சட்டம் இயற்றிக்கொண்டது. தடுக்கி விழுபவர் முன்கூட்டிக் கடிதம் எழுதிவிட்டா விழுவார்? வழக்கறிஞர்கள் சும்மா இருக்கவில்லை. தெருத்தெருவாக ஆள் அனுப்பி, ஒவ்வொரு வெடிப்புக்கும் மேட்டுக்கும் ஒரு குறியிட்டு, வரைபடங்களையே அறிவிப்பாகக் கொடுத்தனர்! படத்திலுள்ள குறியும் விழச்செய்த பழுதும் ஒன்றா என்பதே பின்னர்ப் பெரிய வழக்காயிற்று.

2003 செப்டம்பர் 14 முதல் நிலை மாறியது. அன்றிலிருந்து கடமையோடு பொறுப்பும் உடைமையாளரைச் சேர்ந்தது. மூன்று குடும்பங்களுக்கு மேற்படாத, உடைமையாளரும் குடியிருக்கிற, முற்றும் குடியிருப்புக்கே பயன்படும் வீடுகளுக்கு மட்டும் விலக்குண்டு; அங்கே பழைய வழக்கே நீடிக்கிறது. சிறு வீட்டுக்காரர் பெருந்தொகை கொடுக்கும் வசதியற்றவர் என்பது காரணம். இது நியாயமே. எனினும், அத்தகைய வீட்டின் முன் விழுந்தவர்க்கு 1979ஆம் ஆண்டின் தடை அப்படியே நிற்கிறது.

விழுந்தவர்க்கெல்லாம் பணம் கிடைத்துவிடும் என்பதில்லை. உடைமையாளரின் கவனக்குறைவை அவர் மெய்ப்பிக்க வேண்டும். கட்டடத்தை வாடகைக்கு விட்டுவிட்டு வேறிடம் சென்றுவிட்ட உடைமையாளரோ பொறுப்பினின்று தப்ப முடியாது என்று மாநில உச்ச வழக்குமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அதே மன்றம் 2008இல், மரம் நடுவதற்காக நடைபாதையில் விடப்பட்ட குழி நடைபாதையின் பகுதியாகாது என்றது. ஆகவே, தளத்தின் விளிம்பில் இடறினால் உடைமையாளர். ஓரடி தள்ளி மரக்குழியில் கால் மடங்கினால் மீண்டும் நகராட்சி.