பொம்மைக்குச் சுங்குடி தீட்டுதல்

மதுரை மாநகருக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றத்தை அடுத்துள்ள விளாச்சேரி, நவராத்திரிக் கொலு பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊராகும். களிமண்ணை அச்சில் அழுத்தியெடுத்து, உலர்த்தி, சூளையில் சுட்டு, வர்ணம் தீட்டி வெளியூர்களுக்கும் அனுப்புகின்றனர். மதுரை நகரினுள்ளோ சுங்குடிச் சேலைத் தொழில். நாயக்கர் காலந்தொட்டு இங்கு வாழ்ந்துவரும் சௌராஷ்டிர மக்களின் கைவேலையாகிய இது 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பொம்மைப் பெண்ணுக்குச் சுங்குடி உடுத்த வேண்டும் என்னும்போது இவ்விரு தொழில்களும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அவ்வேலையின் நுட்பத்தையும், அதற்குரிய கூலிக் கணக்கையும் அங்கத்தினர்களுக்கு இங்கு விளக்க விரும்புகிறோம்.

சுங்குடிப் புள்ளி எவ்வாறு உண்டாகிறது என்பதை நெசவாளர் அறிவர். வர்ணம் தீட்டுவோர் பலர் அறியார். துணியைச் சிறிது சிறிதாகக் கிள்ளியெடுத்து நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்க்கின்றனர். கட்டுண்ட இடத்தில் சாயம் ஏறுவதில்லை. முடிச்சை அவிழ்த்தால் அவ்விடம் வெண்புள்ளியாக நிற்கும். ஆகையால் கைமுடிச்சுப் புள்ளி எதுவும் மற்றொன்றைப் போல் இராது. சற்றுக் கோணலாகவும், துணியில் சிறிது புடைத்தும் காணப்படும். இக்காலத்தில் மிகுதியாக விற்பனையாகும் மெழுகு அச்சுச் சேலைகளில் புள்ளிகள் ஒரே அளவாக அமைகின்றன. பொம்மையில் தீட்டும்போது கைமுடிச்சின் சாயலையே கொள்ளுதல் நலம். கை சற்றே பிசகினாலும் அழகு கெடாது என்பது இதிலுள்ள செளகரியம்!

இனி, அளவு. ஐந்தடி உயரமுள்ள பெண்ணைப் பத்து அங்குலப் பொம்மையாகச் செய்தால் எல்லாம் ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. சேலையில் அரை அங்குலத்துக்கு ஒரு புள்ளி என்று கொண்டால், பொம்மையில் பன்னிரண்டில் ஒரு பங்கு அங்குலத்துக்கு ஒரு புள்ளி வைக்க வேண்டிவரும். அதாவது சதுர அங்குலத்துக்கு 144 புள்ளிகள். வெளியே தெரியும் சேலைப் பரப்பு 40 சதுர அங்குலம் எனின், மொத்தம் 5,760. நொடிக்கு ஒன்றாக வைத்தாலும் 96 நிமிஷங்கள் பிடிக்கும். இவ்வளவு பாடுபட்டும் பயன் யாது? கொலுப்படியின் முன் நின்று பார்ப்பவர் கண்ணுக்குச் சிவப்பும் வெள்ளையும் கலந்து ஒரே இளஞ்சிவப்பாகத் தோன்றும், சுங்குடி மறைந்துபோகும்.

கால் அங்குலத்துக்கு ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். சதுர அங்குலத்துக்கு 16, மொத்தம் 640, பதினோரு நிமிஷத்துக்குள் முடியும். அளவின்படி பார்த்தால் இப்புள்ளிகள் மிகப் பெரியவை. எனினும் தூரத்தில் நிற்பவர் இதனையே சுங்குடி என்று உடனே கண்டுகொள்வர். சேலையை அப்படியே சுருக்கிக் காட்டுவதைவிட, சேலை கண்ணுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிக் காட்டுவதே பொம்மைக்குப் பொருந்தும் என்பது நமது கருத்து.

வேலை முறையில் கவனிக்க வேண்டியவை சில. முதலில் வெண்பூச்சு, பிறகு சேலையின் நிறம். அது நன்றாக உலர்வதற்கு முன் புள்ளி வைத்தால் வெள்ளை பரவிக் கறைபடும். தூரிகையைக் காட்டிலும் குண்டூசியின் தலையோ, நுனி நறுக்கிய துடைப்பக் குச்சியோ புள்ளிக்கு ஏற்றது. ஒரு முறை தோய்த்து மூன்று நான்கு புள்ளிகள் வைத்தால் அவை பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும். கைமுடிச்சின் சாயல் தானே வந்துவிடும்.

வரிசைகள் துணியின் போக்கில் செல்ல வேண்டும். இடுப்புக்குக் கீழே நேராகச் செல்பவை, மார்பின் குறுக்கே தோளுக்கு ஏறும் மேலாக்கில் சாய்ந்தே செல்லும். இதனைக் கவனியாமல் உடம்பு முழுவதும் ஒரே நேர்வரிசையாகத் தீட்டினால், சேலை உடுத்தியதாகத் தோன்றாது; பொம்மைக்கு அம்மை வார்த்ததுபோல் இருக்கும். கொசுவ மடிப்பின் விளிம்பில் அரைப் புள்ளியாக நிறுத்தி, பள்ளத்தில் விட்டுவிட வேண்டும். சரிகைக் கரையும் கொசுவத்தில் வளைந்து வளைந்தே செல்லும். ரவிக்கையில் புள்ளி வேண்டுவதில்லை. அது வெறுமையாக இருந்தால்தான் சேலை எடுப்பாகத் தெரியும்.

கூலி விஷயம் எல்லாவற்றிலும் முக்கியமானது. பொம்மையின் உயரத்தை மட்டும் கொண்டு தீட்டுகூலி வகுப்பது நியாயமாகாது. உயரம் பாதியானால் பூச வேண்டிய பரப்பு கால் பங்காகிறது; ஆகையால் அடிவர்ணச் செலவு குறைவது உண்மையே. ஆனால் புள்ளிகளையும் அதே விகிதத்தில் சிறிதாக்கினால் அவற்றின் எண்ணிக்கை சிறிதும் குறையாது. கண்ணுக்கும் கைக்கும் சிரமம் கூடுகிறது. ஆகவே அடிவர்ணத்துக்கு உயரத்தின்படியும், புள்ளிக்கும் கரைக்கும் வேலை நேரத்தின்படியும் எனக் கூலியை இரண்டாகப் பிரித்துக் கணக்கில் எழுதுவதே முறை. ஐந்தாறு பொம்மைகளைத் தீட்டச் செய்து, கடிகாரத்தைப் பார்த்துச் சராசரி நேரம் எடுத்தால் போதும். அந்நேரத்தைத் தீட்டும் பெண்களின் எதிரிலேயே குறித்துக்கொள்வது நன்று. பிற்பாடு வழக்கு எழாது.

புரட்டாசிக்கு முன் அவசரமாகக் கட்டியனுப்பும்போது மற்றொரு நஷ்டம் நேர்கிறது. மேலே உலர்ந்ததுபோல் தோன்றும் வெள்ளைப் புள்ளி உள்ளே ஈரமாக இருந்தால், சுற்றிய காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். மழை மூட்டமான நாட்களில் கடைசிப் பூச்சுக்குப் பின் இரண்டொரு நாள் கூடுதலாக வைத்திருந்து, அதன் பிறகே காகிதம் சுற்றி வைக்கோலில் அடுக்குதல் வேண்டும்.